தலையணை மதில்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் சின்னவள் எழுந்து வந்த அழகைப் பார்க்க வேண்டும். முகம் கழுவவே இல்லை, கழுவின மாதிரி இருக்கிறது. ஒரு கொட்டாவி உண்டா? கண்ணுக்குக் கீழே ஒரு கருப்பு உண்டா? ஒன்றும் கிடையாது. "வரேங்க்கா" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீச்சல் குளத்துக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே பிள்ளைகளுக்கு நீந்தச் சொல்லித்தருகிறாள். மீன் டீச்சர் என்று கூப்பிடுகிறார்களாம். கூப்பிடட்டும்.

அவள் புருஷன், என் கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். புருஷன் பக்கத்தில் இல்லாதவள் இப்படித் தூங்குகிறாள். அவள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் படுப்பவள் பூ மாதிரி வருகிறாள். இந்தப் பக்கம் படுக்கும் எனக்கோ தலை பாறாங்கல், வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போன வருஷம் ரத்தம் உறைந்து வீங்கிய இடது கால் மட்டும் தனியாகக் கனக்கிறது. மாத்திரையை டிசம்பரோடு நிறுத்தியாயிற்று. இறுக்கமான காலுறை மட்டும் மிச்சம்.

எனக்கு எங்கே தூக்கம்? பக்கத்தில் இவர் குறட்டை. ஊரறிந்த குறட்டை! கல்யாணம் ஆன புதிதில் இவருடைய அத்தை வீட்டில் தங்கினோம். காலையில் அத்தை, "ராத்திரி யாருப்பா ரயில் விட்டது?" என்று கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். இவர் அசட்டுச் சிரிப்போடு "நான்தான்" என்றார். அன்றிலிருந்து உறவுக்காரர்களுக்கெல்லாம் இவர் 'ரயில்'தான்.

இதில் வேடிக்கை, நான் திடுக்கிட்டு எழுந்து பார்க்கும்போதெல்லாம் இவர் ஒன்றும் தெரியாதவர் போலக் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பார். என்ன நடிப்பு!

பிப்ரவரி 5, வியாழன்

இன்றும் தலையணை. கண் விழித்தால் என் முதுகை ஒட்டி இரண்டு தலையணைகளை அடுக்கி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் மதில். கேட்டால் "உனக்கு முதுகுவலி வரக்கூடாதேன்னுதான்" என்கிறார். எனக்கு முதுகு எப்போது வலித்தது?

இரவில் தள்ளவும் செய்கிறார். அரைத்தூக்கத்தில் தெரிகிறது, தோளில் கை வைத்து அந்தப் பக்கம் தள்ளுகிறார். இந்த மனுஷன் என்னைத் தொடுவது என்று ஒன்று இருந்தால் அது தள்ளிவிடத்தான். நான் குண்டாகிவிட்டேன், கால் வீங்கிவிட்டது, சரி. அதற்காக மதில் கட்ட வேண்டுமா?

பிப்ரவரி 9, திங்கள்

கடையில் பெரிய அவமானம். போன வாரம் பஸ் ஓட்டுநர் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி செய்தேன். வில்லைகளைச் சக்கரத்தில் தேய்த்து, விளிம்பு வழித்து, சட்டத்தில் பொருத்தியது எல்லாம் நான்தான். வலது கண்ணுக்கானதை இடதில் பொருத்தியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் செய்யாத தப்பு. பாவம், அந்த மனிதர் நாலு நாள் தலைவலியோடு பஸ் ஓட்டியிருக்கிறார்.

முதலாளி கத்தவில்லை. "உட்கார்ந்த இடத்துலயே தூங்கறீங்கம்மா. நானே ரெண்டு தடவை பார்த்தேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை மேஜையிலேர்ந்து எடுத்துடுவேன், தப்பா நினைக்காதீங்க" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

என் மேஜையை விட்டுவிட்டு வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கண்ணாடிச் சட்டம் காட்டிக்கொண்டிருப்பேனா? எல்லாம் இவர் குறட்டையால் வந்த வினை.

பிப்ரவரி 14, சனி

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனேன். சமையலறையில் இவரும் சின்னவளும். அவள் மேடையில் சாய்ந்து நிற்கிறாள், இவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்கிறார். என் காலடி கேட்டதும் பேச்சு நின்றது. "என்னக்கா, தண்ணியா?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். இவர் குழாயைத் திறந்து கழுவின டம்ளரையே மறுபடி கழுவினார்.

அதற்கு முன், நான் கதவருகில் வரும்போதே காதில் விழுந்தது இதுதான்:

"நீங்க சொல்லலேன்னா நானே அக்காகிட்ட சொல்லிடுவேன், அத்தான்."

"வேண்டாம்மா. அவ தாங்க மாட்டா."

என்ன தாங்க மாட்டேன்? சொல்லுங்களேன், தாங்குகிறேனா இல்லையா என்று பார்க்கலாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

'அத்தான்' என்று அவள் கூப்பிடும்போது அதில் ஒரு 'ன்' கூடுதலாகக் கேட்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

நேற்று இரவு இவரை ஹாலுக்கு அனுப்பிவிட்டேன். "உங்க குறட்டைல என் வேலை போயிடும். போய் ஹால்ல படுங்க" என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச வேண்டுமே! பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். வாசற்படியில் நின்று, "ஒருக்களிச்சுப் படுத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். தலையணை இரண்டையும் எனக்கே விட்டுவிட்டுப் போனார்.

குறட்டை இல்லாத அறை. நியாயமாகப் பார்த்தால் நான் இன்று பூவாக எழுந்திருக்க வேண்டும். அதே பாறாங்கல்.

சின்னவள்தான் கண் சிவந்து வந்தாள். முதல் தடவையாக அவளை அப்படிப் பார்க்கிறேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. பிறகு, எதற்காக அவள் தூங்கவில்லை என்று மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. இவர் ஹாலில். அவள் அறைக் கதவும் ஹாலைப் பார்த்துத்தான். சீ, என்ன புத்தி எனக்கு. எழுதின கையைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கடைப் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. நெஞ்சில் ஒரு பக்கம் குத்துகிறது.

பிப்ரவரி 25, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை காலை படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி ரத்தக்கட்டி. காலில் உறைந்ததில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டதாம். "நல்லவேளை, சின்னது. பெருசா இருந்தா இப்ப நாம பேசிக்கிட்டிருக்க மாட்டோம்" என்று டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார். ஊசி, மறுபடி மாத்திரை. மூக்கில் குழாய். பயத்தில் அங்கே நான் சரியாகக் கண்ணே மூடவில்லை.

பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நடைபாதையில் பெஞ்சில் இவரும் சின்னவளும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. இவர் அழுதார். அவள் கைக்குட்டை கொடுத்தாள். சாகக் கிடந்தவள் உள்ளே இருக்கிறேன், அழுவதற்கு வெளியே ஒரு தோள் தேவைப்படுகிறது.

நர்ஸ் கேட்டாள்: "வெளியில இருக்கறது உங்க தங்கச்சியா? எவ்வளவு பொறுப்பா பார்த்துக்கறாங்க!" குழாயைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூக்கில் குழாய் இருந்தது வசதியாகப் போயிற்று.

மார்ச் 3, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் போனோம். இவர், நான், அழைக்காமலே சின்னவள்.

"ரெண்டாவது தடவை வந்திருக்கு. மாத்திரையை மட்டும் குடுத்துட்டு விட மாட்டேன், ஏன்னு தேடணும்" என்றவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பகலில் தூக்கம் வருமா? வரும். காலையில் தலைவலி? தினமும். தூக்கத்தில் மூச்சு முட்டி எழுவது உண்டா? உண்டு, கெட்ட கனவு.

"குறட்டை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கா? அது இவர் டிப்பார்ட்மென்ட் டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா இவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அவங்க குறட்டை விடுவாங்களா?"

இவர் சுவரில் தொங்கிய நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்லைங்க. நான்தான்" என்றார்.

பக்கத்தில் சின்னவள் நாற்காலியை நகர்த்திய சத்தம், பல்லைக் கடித்த மாதிரி இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சண்டை போட்டிருக்கிறார்கள்! சண்டை போடுகிற அளவுக்கு உரிமை இருக்கிறது என்று அர்த்தம். என்னோடு இவர் சண்டை போட்டு எத்தனை நாளாயிற்று?

மார்ச் 7, சனி

அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இவர் அவளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவுதான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "போதும். என்னை மடச்சின்னு நினைச்சீங்களா ரெண்டு பேரும்? சமையல்ரூம்ல குசுகுசு, ஆஸ்பத்திரில குசுகுசு. என்ன தாங்க மாட்டேன் நான்? சொல்லுங்க இப்ப!"

இவர் முகம் வெளுத்துவிட்டது. சின்னவள் முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா... அதுவா நினைச்சீங்க?"

"பின்னே எது?"

அவள் இவரைப் பார்த்தாள். இவர் தலையை ஆட்டி 'வேண்டாம்' என்றார். அவள் கேட்கவில்லை. போனை எடுத்து மேஜையில் வைத்து அழுத்தினாள்.

குறட்டை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பதிவு செய்தது. மரம் அறுக்கிற மாதிரி. நான் ஏளனமாகச் சிரித்தேன். "இதைத்தான் நான் இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேனே. உன் அத்தானோட ரயில்!"

"அக்கா, இது நீங்க அத்தானை ஹாலுக்கு அனுப்பின ராத்திரி."

சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. போன் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டென்று குறட்டை நின்றது. ஒன்றுமே இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்னும் ஒன்றுமில்லை. என்னால் அதற்கு மேல் மூச்சைப் பிடிக்க முடியவில்லை, விட்டுவிட்டேன். போனில் இருந்தவள் இன்னும் விடவில்லை. குளத்தில் பிள்ளைகள் முங்கினால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சின்னவளுக்குத் தெரியும். "இது அதையெல்லாம் தாண்டிடுச்சுக்கா, எனக்கு உயிரே போயிடுச்சு" என்றாள்.

அப்போது போனில் ஒரு கதவு திறந்தது. வேகமாக வரும் காலடி. இவர் குரல், மெதுவாக: "திரும்பிப் படும்மா... இந்தப் பக்கம்... ம், அப்படித்தான்." பிறகு ஒரு பெரிய மூச்சு, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவள் விடுகிற மாதிரி.

என் மூச்சு.

மார்ச் 8, ஞாயிறு

எல்லார் மேலும் கோபம். அவள் மேல் கோபம் — என் தூக்கத்தைச் சுவர் வழியாகத் திருடி போனில் போட்டுக்கொண்டாளே! இவர் மேல் அதைவிடக் கோபம். என்னைப் பற்றி ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. நான் எப்படித் தூங்குகிறேன் என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இதற்கும் பொறாமைதான் வருகிறது. என்ன பிறவியோ நான்.

"ஏன் சொல்லலே?" என்று இவரைக் கேட்டேன். நகத்தைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் ஒரு அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாளாம். நான் இவர் காதில், "இது ஒரு பொம்பளையா? நானா இருந்தா ஒருத்தர் முகத்துலயும் முழிக்க மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தேனாம். எனக்கு அந்த பஸ்ஸும் ஞாபகமில்லை, அந்த அம்மாவும் ஞாபகமில்லை. அதற்கு அடுத்த வாரம்தான் அத்தை வீட்டில் தங்கினோம். காலையில் எல்லாரும் புதுப்பெண்ணான என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்களாம். இவர் முந்திக்கொண்டு "நான்தான்" என்றுவிட்டார்.

"ஒரு தடவை சொன்னேன். அப்புறம் அதையே சொல்லிக்கிட்டே போயிட்டேன்" என்றார்.

"டாக்டர்கிட்டகூடவா?"

"வாய்ல அதுதான் வந்துச்சு."

லிஃப்ட் பழுது பார்க்கிறவர் இவர். மோட்டார் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். வீட்டில் என் மூச்சு நிற்பதையும் ஓடுவதையும் கேட்டுக்கொண்டு இத்தனை வருஷம் விழித்துக் கிடந்திருக்கிறார். மல்லாந்து படுத்தால் அதிகமாகிறது என்று கண்டுபிடித்து, முதுகுக்குத் தலையணை வைத்திருக்கிறார். தோளைத் தள்ளியிருக்கிறார். நான் அதை மதில் என்று எழுதினேன், அரைத்தூக்கத்தில் கேட்ட என் சத்தத்தையே இவர் குறட்டை என்று எழுதினேன்.

நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த நல்ல மனசு என்னை முடித்திருக்கும். அதையும் சொல்லிவிட்டேன். அழுதார். இந்தத் தடவை என் தோளில்.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரம்மா அறைக்குள் நுழைந்ததும் உட்காரும் முன்பே சொன்னேன்: "குறட்டை விடறது நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு, "மூச்சு நிக்குமா?" என்றார். போனைக் கொடுத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

நேற்று இரவு மார்பில் ஒரு பட்டை, மூக்கடியில் ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். பரிசோதனை. இந்தக் கருவிக்கு முன்னால் பொய் சொல்ல இவருக்கு வழியில்லை.

மார்ச் 19, வியாழன்

முடிவு வந்தது. தூக்கத்தில் மூச்சுத் தடை, அதுவும் கடுமையான வகை. இரவெல்லாம் நின்று நின்று ஓடியிருக்கிறேன்.

"இதனாலதான் ரத்தம் உறைஞ்சுதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "நீங்க நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்க்கறீங்க, எடை இருக்கு, ஏற்கெனவே ஒரு தடவை வந்திருக்கு. ஆனா ரத்தக்கட்டி வந்தவங்கள்ல நிறைய பேருக்கு இந்த மூச்சுத் தடையும் இருக்கறதைப் பார்க்கறோம். ராத்திரியெல்லாம் ஆக்சிஜன் இறங்கி ஏறினா ரத்தத்துக்கும் நல்லதில்லை. ரெண்டையும் சேர்த்துத்தான் கவனிக்கணும்." மாத்திரையை இனி நானாக நிறுத்தக்கூடாது. இரவில் முகமூடி போட்டு, காற்றைத் தள்ளும் மெஷினோடு தூங்க வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

முகமூடியை மாட்டியதும் பிடுங்கி எறிந்தேன். மூன்றாவது இரவு. கண்ணாடியில் பார்த்தால் யானைக் குட்டி. மூச்சு முட்டுகிறது. இவர் "போகப் போகப் பழகிடும்" என்கிறார். அவருக்கென்ன, போட்டா பார்த்தார்?

மார்ச் 26, வியாழன்

சின்னவள் அறைக்கு வந்தாள். அந்த நாளுக்குப் பிறகு நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முகமூடியைக் கையில் எடுத்தாள்.

"தண்ணிக்குள்ள முகம் வைக்கப் பயப்படற பிள்ளைங்களை நேரா முக்கிட மாட்டோம்க்கா. முதல்ல கரையில உட்கார வெச்சு காலை மட்டும் நனைக்கச் சொல்லுவோம். நீங்க டிவி பார்க்கும்போது இதைச் சும்மா முகத்துல பிடிச்சுக்கிட்டு உட்காருங்க. மாட்டவே வேண்டாம்."

பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "உன்னைப் பத்தி ரொம்ப மோசமா நினைச்சுட்டேன்" என்றேன். முகமூடிக்குள்ளிருந்து என்ன கேட்டதோ.

"எல்லாம் கேட்டுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்தே கேக்கும், இது என்ன" என்றாள். சிரித்துவிட்டேன். காற்று எல்லாம் ஓரத்தில் கசிந்தது.

அவள் பல்வரிசையைப் பார்த்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. அது வேறு விஷயம்.

ஏப்ரல் 2, வியாழன்

முகமூடியோடு முழு இரவு. தலை இருக்கும் இடமே தெரியவில்லை.

ஏப்ரல் 18, சனி

பஸ் ஓட்டுநர் கடைக்கு வந்தார், மனைவிக்குக் கண்ணாடி செய்ய. முதலாளி என்னைப் பார்த்தார். நான் வில்லையை வாங்கி நடுப்புள்ளி குறித்தேன், தேய்த்தேன், பொருத்தினேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். கொட்டாவி வரவில்லை. மேஜை என்னுடையதுதான்.

இவருடைய அத்தையும் போனில் பேசினார். "என்ன, உன் ரயில் எப்படி இருக்கு?" என்று வழக்கமான கேலி. "ரயில் அவர் இல்லை அத்தை, நான். இப்ப மெஷின் போட்டு நிறுத்தியாச்சு" என்றேன். அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அத்தை குரலைத் தாழ்த்தி, அந்த மெஷின் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

மே 10, ஞாயிறு

ஒரு பொறாமை போய் இன்னொன்று வந்திருக்கிறது. இவர் இப்போது தூங்குகிற தூக்கம்! இத்தனை வருஷக் கடனை வட்டியோடு வசூலிக்கிறார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலில் பாயில் சாய்ந்தவர் அடுத்த நொடி இந்த உலகத்தில் இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டது. முதலில் தெருவில் ஏதோ வண்டி என்று நினைத்தேன். இல்லை, பாயிலிருந்து. மெல்லிய, ஒழுங்கான, சின்னக் குறட்டை.

சின்னவள் அறையிலிருந்து தலையை நீட்டினாள். "அக்கா, பகல்லயும் படுத்தா மெஷின் போடணும்னு சொன்னாங்கல்ல?" என்றவள், நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள். பேச்சுக் குரலில் இவர் கண் விழித்தார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, பழக்கதோஷத்தில் சொன்னார்: "நான்தான்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் இவருக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் படுத்து மறுபடி தூங்கிவிட்டார். அவள் உள்ளே போய்விட்டாள். நான் துடைத்த துணியை ஜன்னலோரம் வைத்துவிட்டு, பாயருகில் போய் உட்கார்ந்து ரொம்ப நேரம் கேட்டேன். எங்கேயும் நிற்கவில்லை. நின்றால் தள்ளுவதற்குத் தோளில் கை வைத்திருந்தேன்.